நாற்பது ஆம்பியர்

முதல் நான்கு மாஸ்ஃபெட்டும்
ஒரே நொடியில் போயின.
சத்தம் பெரிதில்லை,
கடைவாயில் பொரிகடலை உடைவதுபோல.
வாடைதான் மூன்று நாள்
மர்ஃபி டவுன் வீட்டைவிட்டுப் போகவில்லை.
நைட் டியூட்டி முடிந்து வந்த செலின்
வாசலிலேயே நின்று மோந்து பார்த்தாள்.
"இன்னைக்கு எத்தனை?"

எஸ்.பி. ரோட்டில்
மாடிப்படிக்குக் கீழே கடை போட்டிருக்கும் புட்டசாமி
என்னைக் கண்டதும் டப்பாவைத் திறந்துவிடுவார்.
"மத்தே ஹோய்தா?"
போச்சு என்பதற்கு
எந்த மொழியிலும் ஒரே தலையாட்டல்தான்.

பிழை பிடிபடப் பதினோரு நாள் ஆனது.
டிரான்ஸ்பார்மரின் இரு கைகளையும்
இரண்டு அணிகள் மாறிமாறி இழுக்க வேண்டும்,
நொடிக்கு ஐம்பது சுற்று.
ஒன்று விடுமுன் மற்றது பிடித்தால்
பேட்டரி யார் பக்கமும் சேராது,
இருப்பதையெல்லாம் கொட்டிவிடும்.
விடுவதற்கும் பிடிப்பதற்கும் நடுவே
யாருமே இழுக்காத ஒரு பொழுது வேண்டும்.
இரண்டு மைக்ரோ நொடி போதும்.
அதற்குச் செத்த நேரம் என்று பேர்.

செலினும் சொல்வாள்,
"செத்த நேரம் இரு, செருப்பைக் கழட்டிக்கிறேன்."
அவள் உள்ளே வர, நான் லிஃப்ட் பழுதுபார்க்கக் கிளம்ப,
சாவி கைமாறும் அந்த நிலைப்படியில்
"நாமளும் இந்த சர்க்யூட் மாதிரிதான்" என்றேன்.
"உவமை வேணாம்.
கேஸ் புக் பண்ணியா?"

பண்ணவில்லை.
ஏழாம் காலில் ஒரு ரெசிஸ்டர் மாற்றி
சுவிட்சைப் போட்டேன்.
"எரிஞ்சிருச்சு!" என்று கத்தினேன்.
தண்ணிக் குடத்தோடு ஓடிவந்தாள்.
பல்பு. அறுபது வாட்.
குடத்தை இறக்கி வைத்துவிட்டு
கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

ஆனால் ஃபேன் ஓடத் தொடங்கியதும்
பல்பு சுருங்கியது, பொங்கியது, மறுபடி சுருங்கியது,
மாடியேறியவன் மூச்சு வாங்குவதுபோல.
நூற்றுத் தொண்ணூறு, இருநூற்று அறுபத்திரண்டு, இருநூற்றைந்து.
மலிவு மீட்டர் இந்த அலைக்குப் பொய்தான் சொல்லும்,
பல்பு சொல்லாது.
குறைந்தது என்று தெரிந்ததும் பதறி அள்ளிப் போடுகிறது,
கூடியதும் பதறி வெட்டுகிறது.
என் அண்ணன் கடன் அடைக்கும் லட்சணம்.

பதற்றத்தைக் குறைக்க ஒரு கெப்பாசிட்டர்.
பத்து வைத்தால் தூங்கி வழிந்தது.
ஒன்று வைத்தால் பழைய குருடி.
இரண்டு புள்ளி இரண்டு:
பல்பு ஒருமுறை கண்ணைச் சிமிட்டி
நின்றது.
அப்புறமும் அரைமணி நேரம் நம்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

மே மாத மழைக்கு
தெருமுனைக் குல்மொஹர் கம்பிமேல் சாய்ந்தது.
பெஸ்காம் போனை எடுக்கவில்லை.
தெரு முழுக்க இருட்டில்
எங்கள் ஜன்னல் மட்டும் வெளுத்திருந்தது.
பக்கத்து வீட்டு ஜெயசீலி மூன்று போன்களோடு வந்தாள்,
அதில் ஒன்று யாருடையதோ.
எல்லாவற்றையும் வாங்கிச் செருகினேன்.
ராஜா மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

அயர்ன் பாக்ஸைப் பற்றி
செலினிடம் சொல்ல மறந்திருந்தேன்.
அவளுக்கு எட்டு மணி டியூட்டி,
சட்டை துவைத்துச் சுருண்டு கிடந்தது.
எழுநூற்றைம்பது வாட்.
பழைய சூடு மிச்சமிருந்ததா என்னவோ,
ஒரு கைக்கு மடிப்பு எடுத்துவிட்டாள்.
வெளிச்சம் தேன் நிறமாகிப் பின் செம்மண்ணாகி
அலமாரிக்கடியில் ஒரு டப்.

யாரும் பேசவில்லை.
மோந்து பார்த்தேன்.
வாடை இல்லை.
ஜெயசீலி டார்ச் பிடிக்க, மூடியைக் கழற்றி
ஒவ்வொன்றின் காலையும் மீட்டர் முனையால் தொட்டேன்.
ஆறும் உயிரோடு இருந்தன.
புட்டசாமியிடம் எட்டு ரூபாய்க்கு வாங்கிய
நாற்பது ஆம்பியர் பியூஸ் மட்டும்
நடுவில் கருகியிருந்தது.
இத்தனை நாளில் முதல் முறையாக
சாக வேண்டியது மட்டும் செத்திருந்தது.

"எதுக்கு இப்படிச் சிரிக்கிறே?" என்றாள் செலின்.
சொல்லத் தொடங்கினேன்.
"வந்து கேக்கிறேன்" என்று
ஒரு கை மட்டும் மடிப்புக் கலையாத சட்டையோடு
இருட்டில் படியிறங்கினாள்.